பாலத்துக்கு அந்தப் பக்கம் பாடம், இந்தப் பக்கம் பள்ளி

மலேசியாவின் ஜொகூர் பாருவில் விடியற்காலை ஐந்து மணிக்கே சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தை நோக்கிப் பேருந்துகள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. வேலைக்குப் போகிறவர்கள் நடுவே சிங்கப்பூர்ப் பள்ளிச் சீருடையில் சின்னப் பிள்ளைகள். என் பக்கத்து இருக்கையில் மகனை மடியில் சாய்த்திருந்த தாயிடம், "இங்கேயே தமிழ்ப்பள்ளி இருக்கேம்மா?" என்றேன்.

"இருக்கு சார். இவன் அப்பா சிங்கப்பூர்க்காரர், அங்கதான் படிக்கணும்னுட்டார். வாடகை கட்டுப்படியாகாம நாங்க இங்க இருக்கோம்."

பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். முதல் சரக்கு ரயில் அதில் ஓடிய 1923இல்தான், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்ற தொழிலாளர் சட்டமும் மலாயாவில் வந்தது. ரப்பர் மரங்களுக்கிடையே அப்படி முளைத்த தமிழ்ப்பள்ளிகள் பல. இன்று மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் ஆறாம் ஆண்டோடு சரி. இடைநிலைப்பள்ளி மலாய்வழி, மலாயில் தடுமாறுகிற பிள்ளைக்குப் புகுமுக வகுப்பென்று ஓராண்டு கூடுதல்.

சிங்கப்பூரில் தமிழ்வழிப் பள்ளியே கிடையாது. கடைசியாக மிஞ்சிய உமறுப்புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டது. பெயர் மட்டும் இன்று தமிழ் மொழி நிலையமாக வாழ்கிறது. பயிற்றுமொழி ஆங்கிலம், தமிழ் ஒரு பாடம். சாதாரணப் பாடமல்ல. தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் பி.எஸ்.எல்.இ. தேர்வில் கணக்குக்கும் அறிவியலுக்கும் உள்ள எடை தமிழுக்கும் உண்டு. 2021 முதல் பாடத்துக்கு 1 முதல் 8 வரை தரப்புள்ளி. நான்கு பாடமும் கூட்டி 4 வந்தால் உச்சி, 32 வந்தால் அடிமட்டம். எந்த உயர்நிலைப்பள்ளி என்பதை இந்தக் கூட்டுத்தொகை தீர்மானிப்பதால், தமிழுக்கும் காசு கட்டித் துணைப்பாட வகுப்புக்கு அனுப்புகிறார்கள். மலேசியாவோ ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆர். தேர்வையே 2021இல் தூக்கிவிட்டது.

தேர்வு ஒரு மொழியைக் காப்பாற்றும் என்ற வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முந்தின நாள் ஜொகூரில் ஒரு தமிழ்ப்பள்ளி வாசலில் பிள்ளைகள் சண்டை போட்டதும் தமிழில், வாத்தியாரிடம் கோள் சொன்னதும் தமிழில், பின்னப் பெருக்கலுக்கு விடை சொன்னதும் தமிழில். ஆறே ஆண்டு என்றாலும் என் ஓட்டு அதற்குத்தான்.

சிங்கப்பூரில் இறங்கியதும் ஒரு புத்தகக் கடைக்குப் போனேன். தமிழ்ப் பயிற்சித்தாள் தொகுப்புகள் இடுப்பளவு அடுக்கியிருந்தன. பத்து வயதுப் பிள்ளை படிக்கக் கதைப்புத்தகம் கேட்டேன். "எந்த லெவல் தேர்வுக்கு?" என்றார் கடைக்காரர்.