தேவாலய வாசலில் விளைச்சல்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், பெல்வெடேர் அவென்யூவில் இருக்கிறது பிளெசன்ட் ஹோப் பாப்டிஸ்ட் தேவாலயம். ஒரு காலத்தில் அதன் வாசலில் வெறும் புல்தான்: மாடும் மேயாத, மனிதருக்கும் உதவாத புல்.

அன்றைய போதகர் ஹீபர் பிரவுன், உணவுப் பழக்கத்தால் நோயுற்ற சபையாருக்காக ஜெபிக்க அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. நல்ல காய்கறி வாங்கித் தரலாம் என்று பக்கத்துச் சந்தைக்குப் போனார், விலை கட்டுப்படியாகவில்லை. திரும்பி வந்தவர் கண்ணில் புல்தரை பட்டது.

2010இல் அந்த 1,500 சதுர அடியும் காய்கறித் தோட்டமாயிற்று. சபையின் மூத்த பெண்மணி ஒருவர் முன்னின்று நடத்தினார். அவர் பெயராலேயே அது மாக்ஸைன் தோட்டம். ஆண்டு விளைச்சல் சுமார் 500 கிலோ.

2015 ஏப்ரலில், போலீஸ் காவலில் காயமுற்ற கறுப்பின இளைஞர் ஃபிரெட்டி கிரே இறந்தார். நகரம் கொந்தளித்தது. கடைகள் மூடின. சாப்பாடு கேட்டுத் தேவாலயத்துக்கு போன் வந்தது. கறுப்பின விவசாயிகளின் விளைச்சல் வண்டியேறித் தெருக்களுக்குப் போயிற்று. கறுப்பினத் தேவாலயங்களையும் விவசாயிகளையும் இணைக்கும் அமைப்பை பிரவுன் அதே ஆண்டு தொடங்கினார்.

500 கிலோ ஒரு நகரத்துக்குக் காணாது. ஆனால் தோட்டம் இருந்ததால்தான், பசித்தவர்களுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்திருந்தது.