பிரித்தலும் பிணைத்தலும்

ஒரு தேங்காய் வேண்டியவன் தோப்பு முழுவதையும் விலைபேச வேண்டுமா? அம்பிட்டியவில் வாடகை அறையொன்றில், பழைய மடிக்கணினியும் மாதந்தோறும் அளந்து வாங்கும் இணையத் தரவுமாகப் பொருளியல் பயிலும் கலைப்பீட மாணவனாகிய எனக்கு இது வெறும் உவமை அன்று.

'சேஜ்மாத்' என்னும் கணித மென்பொருளை வில்லியம் ஸ்ரைன் 2005இல் தொடங்கினார். மேப்பிள், மத்தமட்டிக்கா முதலிய விலைமிக்க மென்பொருள்களுக்கு மாற்றாக, எவரும் இலவசமாகப் பெறக்கூடிய ஒன்றை ஆக்குவதே நோக்கம். எண் கோட்பாட்டுக்குப் 'பாரி', நுண்கணிதத்துக்கு 'மக்சிமா' என முன்னரே இருந்த கருவிகள் பலவற்றைப் 'பைதன்' மொழி வழியே அது ஒருங்கிணைத்தது. ஆனால், சேர்ந்தவை யாவும் சேர்ந்து பல கிகாபைற் அளவுக்குப் பெருத்தன. விலையற்ற பொருளுக்குச் சுமைகூலி ஏறிவிட்டது.

அப்படியாயின் வெட்டிப் பிரித்தாலென்ன? அது எளிதன்று. வலையமைப்புகளை ஆராயும் பகுதி அணிகளை அழைக்கும். அணிகளோ எண்களைப் பற்றிய பகுதியை அழைக்கும். ஒரு கோப்பைத் திறந்தால் நூறு கோப்புகள் உடன்வரும். ஆகவே, எப்பகுதி எதனைச் சார்ந்துள்ளது என்பதை முதலில் வெளிப்படையாக எழுதவேண்டும். பிற பகுதியை அழைப்பதைத் தேவைப்படும் கணம்வரை ஒத்திவைக்க வேண்டும். இல்லாத பகுதியை நாடும் சோதனைகளைக் குறியிட்டு விலக்கவும் வேண்டும். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியர் மத்தியாஸ் கோப்பே இப்பணியைப் பல்லாண்டுகள் முன்னெடுத்தார்.

பொதிகள் பெருகினால் பராமரிப்புச் சுமையும் பெருகும் என்பதும், ஒன்றாகச் சோதிக்கப்பட்ட முழுமையே நம்பத்தக்கது என்பதும் புறந்தள்ளத்தக்க வாதங்கள் அல்ல. இம்முரண்பாட்டிடையே 2024இல் 'பாஸேஜ்மாத்' தனிக் கிளையாகப் பிரிந்தது. பொருளியல் மாணவருக்கு வேண்டிய நேரியல் திட்டமிடலை நாடுவோர் இன்று அதற்குரிய பொதியை மட்டும் நிறுவலாம். அது சார்ந்துள்ள பிற பொதிகள் தாமே வந்து சேரும்.

பிரித்தல் என்பது உறவை அறுத்தல் அன்று. மறைந்துகிடந்த உறவுகளுக்குப் பெயரிட்டு ஒழுங்குசெய்தலே ஆகும். இலவசம் என்ற சொல் விலையை மாத்திரம் குறித்தால் போதாது. இணைப்பும் இயந்திரமும் குறைந்த மாணவனின் கைக்கும் எட்டும்போதே அச்சொல் பொருள் நிறைவு பெறுகின்றது. அறிவைத் திரட்டியோரின் உழைப்புக்கு நாம் கடப்பாடு உடையோம். அதனைச் சிறுகச் சிறுகப் பகிர்ந்தளிக்க வழிசமைப்போரின் உழைப்பும் அதற்குச் சற்றும் குறைந்ததன்று.