றொசல்ல மலையில் ஓர் அண்டை வீட்டுப் பாடம்

கொழும்பிலிருந்து பதுளை செல்லும் ரயிலில் நீங்கள் பயணம் செய்தால், வட்டவளையைத் தாண்டி ஹட்டனை அடையுமுன் றொசல்ல என்ற சிறு நிலையம் வரும். தோட்டத்து விளைச்சலைத் துறைமுகம் சேர்க்கப் போட்ட இப்பாதை, 1884இல் ஹட்டனை எட்டியது. சுற்றிலும் தேயிலைச் சரிவுகள், நடுவே லயங்கள். ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர்.

மலையகத் தோட்டங்களில் மரண உதவிச் சங்கங்கள் உண்டு. தலைவர், செயலாளர், பொருளாளர் யாவரும் சம்பளமில்லாத் தொண்டர்கள். வீட்டுக்கு வீடு மாதச் சந்தா. ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் அந்தப் பணம் உடனே அங்கே போய்ச் சேரும். நாட்கூலிக் குடும்பம் துக்கத்தோடு கடனுக்கும் அலைய வேண்டியதில்லை.

சந்தா வாங்க மாதந்தோறும் படியேறி வருபவருக்கு வேறொன்றும் தெரிந்துவிடும்: எந்த வீட்டில் பாட்டி படுத்திருக்கிறார், எந்த வீட்டுத் தாய் வெளிநாட்டில் உழைக்கிறார் என்று. அந்த வரவு நின்றால், பணமிருந்தும் சங்கம் பெயரளவில்தான்.

ஹிஜ்ரி 8இல் மூத்தா போரில் ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது, அவர்களின் வீட்டாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். துக்க வீட்டின் அடுப்பைக்கூட நினைத்த மார்க்கம் நம்முடையது!

நம் மஹல்லாவில் ஜனாஸா நிதி இருக்கலாம். ஆனால் அடுத்த தெரு விதவையின் கதவை இந்த மாதம் தட்டியவர் யார்? ஒரு நோட்டுப் புத்தகம், பத்து வீடுகள், மாதம் ஒரு சந்திப்பு. கணக்கை எல்லோர் முன்னும் வாசித்துவிடுங்கள். பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குங்கள், சகோதரிகளே. அல்லாஹ் பரக்கத் செய்வானாக!