கடைசிச் சுற்று

தில்லிக் குளிரை முதன்முதலாக நான் அறிந்தது 1975ஆம் ஆண்டு மார்கழியில். மணமாகிச் சரோஜினி நகர் அரசாங்கக் குடியிருப்புக்கு வந்திருந்த புதிது. காலைச் சமையல் முடிந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் கயிற்றுக் கட்டில்களைப் புல்தரையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வெயில் காய்வார்கள். ஒருவர் கையும் சும்மா இராது. பட்டாணி உரிப்பார்கள், கம்பளி பின்னுவார்கள். கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள்தாம் எனக்குக் குரோஷா ஊசியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அவர் வாயில் அது 'குரோஷியா'. எனக்கு இந்தி வராது. அவருக்குத் தமிழ் தெரியாது. என் விரலைப் பிடித்து வளைத்தே பாடம் நடத்தினார்.

ஸ்வெட்டர் பின்னலுக்கு இரண்டு ஊசிகள். ஒரு வரிசைக் கண்ணிகள் அனைத்தும் ஊசியிலேயே காத்திருக்கும். குரோஷாவுக்கோ நுனியில் கொக்கியுள்ள ஓர் ஊசி போதும். ஒரு கண்ணியை முடித்த பிறகே அடுத்தது. பெரும்பாலும் கொக்கியில் எஞ்சி நிற்பது ஒரே ஒரு கண்ணி. ஆதலால் எந்த நேரமும் கீழே வைத்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போகலாம். ஆனால் அந்தக் கண்ணி நழுவி, எவரேனும் நூலை இழுத்துவிட்டால், பல நாள் பின்னியது சில நிமிடங்களில் வெறும் நூலாகிவிடும். ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் உண்டு. மெய்யான குரோஷாவைப் பின்னித் தள்ளும் ஆலை இயந்திரம் இன்றுவரை இல்லை. கடையில் மலிவாகக் கிடைக்கும் விரிப்பும் யாரோ ஒரு பெண்ணின் கைவேலைதான். ஆந்திரத்து நரசாபுரத்தில் வீட்டிலிருந்தபடியே இந்த வேலையைச் செய்த பெண்களையும் அவர்களுக்குக் கிடைத்த அற்பக் கூலியையும் பற்றி மரியா மீஸ் 1982இல் ஒரு நூலே எழுதினார். அதைப் படித்தது முதல் குரோஷாத் துணிக்கு நான் பேரம் பேசுவதில்லை.

1978இல் முதன்முறையாகக் கருவுற்றேன். தை மாதம் பிரசவம் என்றார்கள். நம் ஊரில் பிறந்த குழந்தைக்குப் பாட்டியின் பழஞ்சேலைதான் முதல் துணி. துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகியிருக்கும். தில்லியின் தை மாதத்துக்கு அது எம்மட்டு? வெண்மையும் இளமஞ்சளுமாக லூதியானாக் கம்பளி நூல் வாங்கிச் சிறு சதுரங்களாகப் பின்னத் தொடங்கினேன். ஆறுக்கு ஆறாக 36 சதுரங்களை இணைத்தால் ஒரு போர்வை. பிரசவத்துக்கு உதவியாக ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் அதைக் கண்டதும் முகம் வாடினார்.

"பொறக்காத பிள்ளைக்கு எதையும் சேத்து வைக்கக் கூடாதும்மா. கையில வந்தப்புறம் பண்ணிக்கலாம்."

நான் சிரித்துவிட்டுப் பின்னலைத் தொடர்ந்தேன். 22 சதுரங்கள் ஆகியிருந்தன. மார்கழி முடியுமுன்பே குழந்தை உயிரின்றிப் பிறந்தது.

மாமியார் அதை ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. மாமியார்களைப் பற்றி வேறுவிதமாகவே படித்துப் பழகியவர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன். என்னை மடியில் கிடத்திக்கொண்டு அவரும் அழுதார். ஆனால் அவர் சொல்லாததை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். கம்பளி நூலுக்கும் கருவின் உயிருக்கும் தொடர்பில்லை என்பது பகலில் நன்றாகவே தெரியும். நடுநிசியில் விழிப்பு வந்தால் அந்தத் தெளிவு இராது. சதுரங்களை வேப்பிலையிட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தேன். 1985இல் மகள் பிறந்தாள். அவளுக்குத் தலை நின்ற பின்னரே ஊசியைத் தொட்டேன்; அதுவும் ஒரு குல்லாய்க்காக.

2018ஆம் ஆண்டுக் கடைசியில், நொய்டாவில் வசிக்கும் அந்த மகள் நிறைமாதமாக இருந்தாள். "அம்மா, பாப்பாவுக்கு உன் கையால ஒரு போர்வை பின்னிக் கொடேன்" என்று கேட்டாள். பெட்டியில் இருப்பது அவளுக்குத் தெரியாது. இரண்டு நாள் மறுமொழி சொல்லாமல் கடத்தினேன். மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தேன். வேப்பிலை தூளாகிக் கிடந்தது. பூச்சி சில சதுரங்களை அரித்திருந்தது. ஒவ்வொன்றிலும் நூல்முனையைத் தேடி இழுத்தேன். நாற்பது ஆண்டு பின்னலில் கிடந்த நூல் நெளிநெளியாக வந்தது. சிட்டமாகச் சுற்றி, வெதுவெதுப்பான நீரில் அலசி, நிழலில் தொங்கவிட்டதும் நெளிவு பெரும்பாலும் நீங்கியது. ஆயினும் குழந்தையின் மேனிக்கு அது சொரசொரப்பு. ஆகவே போர்வைக்குப் புதிதாக மென்கம்பளி வாங்கினேன். பழைய மஞ்சளை ஓரத்துக்கு வைத்துக்கொண்டேன். கால்விரல் சிக்காதபடி துளைகளை நெருக்கமாகப் பின்னினேன். ஓரத்தின் கடைசிச் சுற்றை மட்டும் தொடவில்லை. மாமியார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் பேச்சுக்கு அந்தச் சுற்றை விட்டுவைத்தேன்.

2019 ஜனவரியில் ஒரு விடியற்காலை மருமகனின் தொலைபேசி வந்தது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அமர்ந்து, கண்ணாடியை இருமுறை துடைத்துக்கொண்டு, கடைசிச் சுற்றைப் பின்னி நூலை அறுத்தேன்.

மகள் மகிழ்ந்தாள். ஆனால் ஒரு வயது ஆகும் வரை தூங்கும் குழந்தைமேல் போர்வை போடலாகாது, முகத்தை மூடிவிட்டால் ஆபத்து என்று மருத்துவர் சொல்லியிருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. பிறகு யோசித்தேன்; பச்சைக் குழந்தையின் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் பயந்தால்தான் என்ன? விழித்திருக்கும் நேரத்தில் மடியில் போர்த்திக்கொண்டு வெயிலில் உட்காரலாம் என்று முடிவாயிற்று.

அப்படி உட்கார்ந்திருந்த ஒருநாள் மகள் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். "மஞ்சள்ள மட்டும் ஏம்மா இத்தனை முடிச்சு?"

சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை.

"தம்பியா, தங்கச்சியா?" என்று கேட்டு, உடனே திருத்திக்கொண்டாள். "இல்ல... அண்ணாவா, அக்காவா?"

"அக்கா" என்றேன்.

குழந்தை பாலுக்கு அழத் தொடங்கியது. போர்வையோடு சேர்த்து வாரி எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள்.