‘அப்ப நம்ம பயலுக்குக் கொடுக்கலாமாத்தா?’ - சோழவந்தான் தொழுவத்தில் ஒரு பால் கேள்வி

காலை 5 மணி. சோழவந்தானில் வைகைக் கரைப் பக்கம் இருக்கும் அந்த வீட்டுத் தொழுவத்தில் விளக்கு எரிகிறது. இரண்டு கலப்பின ஜெர்சிப் பசுக்கள், ஒரு கன்று. கன்றை ஊட்டவிட்டு இழுத்துக் கட்டி, மடியைக் கழுவித் துடைத்துவிட்டுப் பால் பீச்ச உட்காருகிறார் அம்மா. சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார், முதல் நாள் இரவு பெங்களூரிலிருந்து வந்திறங்கிய மகள்.

மகளுக்கு 27 வயது. பயோடெக்னாலஜி படித்தவர். அந்தப் படிப்புக்கான ஃபீஸ் இந்தத் தொழுவத்திலிருந்துதான் போனது. அப்பாவின் வெற்றிலைக் கொடிக்கால் ஒரு வருடம் கைகொடுக்கும், மறு வருடம் காலை வாரிவிடும். சொசைட்டியில் ஊற்றிய பால்தான் செமஸ்டருக்கு செமஸ்டர் பணமாக வந்து நின்றது.

அந்த மகளுக்கு இப்போது என்ன வேலை தெரியுமா? மாடே இல்லாமல் பால் புரதம் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் ஆராய்ச்சியாளர். வேலையில் சேர்ந்து எட்டு மாதமாகியும், ‘மருந்து கம்பெனி மாதிரி ஒண்ணும்மா’ என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருந்தார். அன்று காலை, பால் வாளி நுரைத்துக்கொண்டிருந்தபோது, உண்மையைச் சொல்லிவிட்டார்.

அம்மா கையை நிறுத்தவில்லை. “மாடு இல்லாம பாலு எங்கிட்டுருந்துத்தா வரும்?” என்று மட்டும் கேட்டார்.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

‘நம்ம இட்லி மாவு புளிக்கிற மாதிரிதான்’ என்று சொல்லிவிடலாம். அவருடைய அலுவலகத்தில் பலரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால், இட்லி மாவில் யாரும் மரபணுவை மாற்றுவதில்லை. அம்மாவிடம் அதை மறைக்க மகளுக்கு மனம் வரவில்லை.

பசுவின் உடம்பில் பால் புரதத்தை உண்டாக்கச் சொல்லும் ஒரு மரபணுக் குறிப்பு இருக்கிறது. அதே குறிப்பை ஆய்வகத்தில் உருவாக்கி, ஈஸ்ட் அல்லது பூஞ்சை போன்ற நுண்ணுயிருக்குள் வைக்கிறார்கள். பெரிய எவர்சில்வர் தொட்டியில் அதற்குச் சர்க்கரையும் காற்றும் கொடுத்து வளர்த்தால், அது அந்தப் புரதத்தைத் தயாரித்து வெளியே விடும். நுண்ணுயிரை வடிகட்டி நீக்கி, புரதத்தை மட்டும் உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். ஐஸ்க்ரீம், சீஸ், புரத பானங்களில் அந்தப் பொடி சேர்கிறது.

“அப்பா போட்டுக்கிற இன்சுலினும் இப்படி நுண்ணுயிர்லதாம்மா தயாராகுது” என்றார் மகள். ஒரு காலத்தில் பன்றி, மாடுகளின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினுக்கு மாற்றாக, மரபணு மாற்றிய பாக்டீரியாவில் தயாரான மனித இன்சுலினுக்கு 1982-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. சீஸுக்குப் பாலைத் திரிக்க வைக்கும் என்சைமுக்காக முன்பு கன்றுக்குட்டியின் இரைப்பையை நம்பியிருந்தார்கள். 1990-ல் அதையும் நுண்ணுயிரில் தயாரிக்க அனுமதி கிடைத்தது. பால் புரதம் அந்த வரிசையில் அடுத்தது. ரயான் பாண்டியா, பெருமாள் காந்தி இருவரும் 2014-ல் தொடங்கிய ‘பெர்ஃபெக்ட் டே’ என்ற அமெரிக்க நிறுவனத்தின் புரதத்துக்கு, 2020-ல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் ஆட்சேபம் இல்லை என்றது. நம் ஊரிலும் சூரத், பெங்களூரு என்று சில புதிய நிறுவனங்கள் இதில் இறங்கியிருக்கின்றன.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மாவின் முகம் மலர்ந்தது. மகள் அதை எதிர்பார்க்கவில்லை.

“மாட்டுப் பாலு இல்லைன்னா, அப்ப நம்ம பயலுக்குக் கொடுக்கலாமாத்தா?”

ஒரு சொல் போதும், உயிருக்கு ஆபத்து

பயல் என்றது அக்காவின் மகனை. நான்கு வயது. அக்காவும் மாமாவும் திருப்பூரில் வேலைக்குப் போவதால் அம்மாச்சியிடம் வளர்கிறான். எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது முதன்முதலாக மாட்டுப் பால் கொடுத்ததும் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுக்க, மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பால் அலர்ஜி என்றார் டாக்டர். வீட்டில் இரண்டு மாடு கறந்தும், பேரனுக்கு ஒரு வாய் பால் கொடுக்க முடியவில்லையே என்பது அம்மாவின் தீராத மனக்குறை.

மகளுக்குச் சட்டென்று வியர்த்துவிட்டது.

ஏனென்றால், அவர்கள் தயாரிக்கும் பீட்டா லாக்டோகுளோபுலின், பசும்பாலில் இருக்கும் அதே புரதம். பால் அலர்ஜியை உண்டாக்கும் முக்கியப் புரதங்களில் அதுவும் ஒன்று. தொட்டியில் பிறந்தாலும், மடியில் பிறந்தாலும் உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான். பால் குடித்தால் வயிறு உப்பும் லாக்டோஸ் பிரச்னை வேறு. அது பாலில் உள்ள சர்க்கரை செரிக்காததால் வருவது. அந்தச் சர்க்கரை இந்தப் பொடியில் சேர்வதில்லை. ஆனால், புரத அலர்ஜி உள்ள குழந்தைக்கு இது பாலைப் போலவே ஆபத்து.

“அய்யய்யோ, கொடுக்கவே கூடாதும்மா!”

“மாடே இல்லைன்னியே?”

அம்மா கேட்டது நியாயம்தான். மகளின் செல்போனில் அப்போது பாக்கெட்டின் மாதிரிப் படம் ஒன்று இருந்தது. முன்பக்கம் ‘மாடு இல்லை’ என்பது பெரிய எழுத்தில். பின்பக்கம், சேர்மானப் பட்டியலுக்கு அடியில், ‘பால் புரதம் உள்ளது’ என்பது பொடி எழுத்தில். அலர்ஜி தரும் பொருள்களைக் குறிப்பிட வேண்டும் என்ற விதிப்படி அது சரி. போன வாரம்தான் அவரும் அதைப் பார்த்து ‘ஓகே’ சொல்லியிருந்தார்.

‘எங்க பாலு என்னாகும்?’

சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்த பிறகு, அடுப்படியில் அடுத்த கேள்வி வந்தது. “இது வந்துட்டா எங்க பாலை யாருத்தா வாங்குவா?”

இந்தியாவில் 2023-24-ல் சுமார் 24 கோடி டன் பால் உற்பத்தியானது. உலகிலேயே நாம்தான் முதலிடம். அதில் பெரும் பகுதி, இரண்டு மூன்று மாடு வைத்திருக்கும் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வருவது. ஒரு புரதப் பொடி நாளைக்கே அதை அசைத்துவிடாது. நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறைப்படி, பால் என்றால் கறவை விலங்கின் மடியிலிருந்து கறந்தது. இதை ‘பால்’ என்ற பெயரில் விற்கவே முடியாது. மரபணு மாற்றிய நுண்ணுயிரைக் கையாள 1989-லேயே தனி விதிகள் வந்துவிட்டன. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்த மகள், பாதியில் நிறுத்தினார். இவையெல்லாம் அம்மாவின் கேள்விக்குப் பதில் இல்லை.

பால் தொழிலில் உயிரித் தொழில்நுட்பம் சறுக்கிய கதை ஒன்று அவருக்குத் தெரியும். மாட்டுக்கு ஊசி போட்டால் அதிகம் கறக்கவைக்கும் ஹார்மோன் ஒன்றை, நுண்ணுயிரில் தயாரித்து விற்க 1993-ல் அமெரிக்கா அனுமதித்தது. மாடுகளுக்கு மடிநோய் வரும் வாய்ப்பு கூடும் என்பது அந்த மருந்தின் குறிப்பிலேயே இருந்தது. மாடுகளின் நலனைக் காரணம் காட்டி 1999-ல் கனடா அனுமதி மறுத்தது. ஐரோப்பாவும் தடை போட்டது. ஹார்மோன் போட்ட பாலா, போடாத பாலா என்று பாக்கெட்டில் எழுதுவதிலேயே வருடக்கணக்கில் சண்டை.

“மடிநோயா? வாயில்லா ஜீவன், எப்புடித் துடிக்கும்!” என்றார் அம்மா. “அவங்க முன்னாடியே மாடு வச்சிருக்கிறவங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்ல?”

மகள் பதில் சொல்லவில்லை. அவருடைய நிறுவனமும் மாடு வைத்திருக்கும் யாரையும் இதுவரை கேட்டதில்லை.

பெரிய எழுத்து

பெங்களூரு திரும்பியதும் மீட்டிங்கில் இரண்டு விஷயங்களை எழுப்பினார். ‘பால் அலர்ஜி உள்ளவர்கள் சாப்பிடக் கூடாது’ என்பதை முன்பக்கத்தில், ‘மாடு இல்லை’ என்பதற்குச் சமமான எழுத்தில் போட வேண்டும். விற்பனைக்கு வரும் முன் பால் உற்பத்தியாளர்களை அழைத்துப் பேச வேண்டும்.

‘முன்னாடியே பயமுறுத்தினா யார் வாங்குவாங்க?’ என்றது மார்க்கெட்டிங் தரப்பு. அவர் வாதாடவில்லை. ‘மாடு இல்லை’ என்று கேட்டதும் தன் அம்மா முகம் மலர்ந்ததையும், அடுத்து அவர் கேட்டதையும் அப்படியே சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அடுத்த வாரம் முதல் கோரிக்கைக்கு ஒப்புதல் வந்தது. இரண்டாவது, ‘பார்க்கலாம்’ என்ற அளவில் நிற்கிறது.

அன்றிரவே ஊருக்குப் போன் போட்டார். “முன்பக்கம் பெருசா போடுறாங்கம்மா.”

“நல்லதாப் போச்சு. தமிழ்லதானே போடுவாங்க?”

மகள் ஒரு நொடி தடுமாறினார். ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பதுதான் விதி. மற்ற மொழிகள் நிறுவனத்தின் விருப்பம்.

“எனக்கு இங்கிலீசு எங்கிட்டுத் தெரியும்? அவன் கூட நாள் பூரா இருக்கிறது நான்தானேத்தா” என்றார் அம்மா.

போனை வைத்த மகள், மூடி வைத்திருந்த லேப்டாப்பைத் திறந்து, அதே மெயிலுக்கு இன்னொரு வரி எழுதத் தொடங்கினார்.