38 அங்குல டயர்... காலியாகும் டேங்க்! ஐஸ்லாந்து ‘சூப்பர் ஜீப்’களின் மைலேஜ் கணக்கு

ஐஸ்லாந்தின் தெற்குப் பகுதியில் ஹ்ரோய்னேயார் என்று ஓர் இடம். ஒரு தங்கும் விடுதி, ஒரு பெட்ரோல் பங்க். அவ்வளவுதான் ஊர். ஆனால், நாட்டின் நடுப்பகுதியைக் கடந்து வடக்கே போகிறவர்கள் யாரும் அந்தப் பங்க்கை அலட்சியமாகத் தாண்டிப் போக மாட்டார்கள். அங்கிருந்து எஃப்26 என்ற மண் சாலையில் ஏறினால், அடுத்த பங்க்குக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டும். நடுவில் டீக்கடை கிடையாது, மரம் கிடையாது, பல ஆறுகளுக்குப் பாலமும் கிடையாது. கறுப்பு மணலும் கல்லும்தான். பாதி வழியில் நியிதாலூர் என்ற இடத்தில் மலையேறுபவர்களுக்கான குடில்கள் இருக்கின்றன. அங்கே படுக்க இடம் கிடைக்கும், டீசல் கிடைக்காது.

இந்தப் பாலைவனத்தின் பெயர் ஸ்ப்ரெங்கிசாந்தூர். ஹோப்ஸ்யோகுல், வாட்னாயோகுல் என்ற இரண்டு பெரும் பனிமலைகளுக்கு நடுவே கிடக்கிறது. பெயருக்கே ஒரு கதை உண்டு. குதிரையை மூச்சு முட்ட ஓட்டுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. வழியில் குதிரைக்கு மேய ஒரு பிடி புல்கூட இல்லை. எனவே பசியில் குதிரை விழுவதற்குள் மறுகரை சேர்ந்துவிட வேண்டும் என்று அந்தக் காலத்துப் பயணிகள் விரட்டி ஓட்டினார்களாம். இன்றைக்குக் குதிரைக்குப் பதில் ஜீப். புல்லுக்குப் பதில் டீசல். கணக்கு மட்டும் மாறவில்லை.

ஐஸ்லாந்தின் பரப்பு ஏறத்தாழ 1,03,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் சின்னது. மக்கள்தொகை 4 லட்சத்தைத் தொடவில்லை. அவர்களும் கடலோரமாகவே வாழ்கிறார்கள். நடுப்பகுதியில் ஆள் நடமாட்டமே இல்லை. ‘எஃப்’ என்ற எழுத்தில் தொடங்கும் மலைச்சாலைகள் பெரும்பாலும் ஜூன் கடைசியில்தான் திறக்கும், செப்டம்பர் வாக்கில் மூடிவிடும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி.

இரண்டாம் உலகப் போரில் 1940-ல் பிரிட்டிஷ் படைகளும் அடுத்த ஆண்டு அமெரிக்கப் படைகளும் இங்கே வந்து இறங்கின. அவர்களோடு வந்த ஜீப்புகள், போர் முடிந்ததும் விவசாயிகள் கைக்குப் போயின. அப்போது ஒட்டிக்கொண்ட காதல் இன்னும் விடவில்லை. ஜீப்பை இவர்கள் ‘யெப்பி’ என்பார்கள். டொயோட்டாவோ, லேண்ட் ரோவரோ, மேடுபள்ளம் ஏறுகிற வண்டி எல்லாமே யெப்பிதான்.

குளிர்காலத்தில் ஆளுயரப் பனி கொட்டும்போது சாதாரண யெப்பி முன்னால் நகராது; கீழேதான் போகும். அதற்கு இவர்கள் கண்டுபிடித்த வழிதான் ராட்சத டயர். 38 அங்குலம், 44 அங்குலம் என்று இடுப்பளவுக்கு வரும் டயர்களை மாட்டுகிறார்கள். அதற்காக மட்கார்டை வெட்டி, உடம்பைத் தூக்கி, ஆக்ஸிலைக்கூட நகர்த்தி வைக்கிறார்கள். 2007-ல் பி.பி.சி.யின் ‘டாப் கியர்’ குழு காந்த வடதுருவத்தை நோக்கி ஓட்டிச் சென்ற ஹைலக்ஸ்களை, இப்படி மாற்றிக் கொடுத்தது ‘ஆர்க்டிக் டிரக்ஸ்’ என்ற ஐஸ்லாந்து நிறுவனம்தான்.

சரி, இவ்வளவு பெரிய டயர் பனியில் எப்படி மிதக்கிறது? ரகசியம் டயரின் உயரத்தில் இல்லை, காற்றைக் குறைப்பதில் இருக்கிறது. 2,400 கிலோ எடையுள்ள வண்டியில் ஒரு சக்கரத்தின் மேல் 600 கிலோ உட்காரும். டயரில் 28 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், தரையில் படும் பரப்பு தோராயமாக 300 சதுர சென்டிமீட்டர். ஒரு ஏ4 தாளில் பாதி. காற்றை 4 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் அதே டயர் சப்பையாகி, ஏறக்குறைய ஏழு மடங்குப் பரப்பில் படுத்துக்கொள்ளும். (டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால், நிஜத்தில் இதைவிடச் சற்றுக் குறையும்.) சின்ன டயரில் இப்படிக் காற்றை இறக்கினால் ரிம் தரையைத் தொட்டுவிடும். காற்றைத் தைரியமாக இறக்குவதற்கு உயரமான பக்கச் சுவர் வேண்டும். அதற்காகத்தான் பெரிய டயர்.

மீட்டர் சொல்லும் பொய்!

டயர் பெரிதானதும் வண்டிக்காரர்கள் முதலில் சொல்லும் புகார், “மைலேஜ் படுத்துவிட்டது” என்பதுதான். உண்மையிலேயே குறையும். ஆனால், அவர்கள் நினைக்கும் அளவுக்குக் குறைவதில்லை. பாதிப் பழி மீட்டரைச் சேர வேண்டும்.

31 அங்குல டயர் ஒரு கிலோமீட்டர் ஓட 404 முறை சுற்ற வேண்டும். 38 அங்குல டயருக்கு 330 சுற்றே போதும். ஓடோமீட்டருக்குத் தெரிந்தது சுற்று எண்ணிக்கை மட்டும்தானே? டயர் மாறிய விஷயம் அதற்குத் தெரியாது. அதனால், வண்டி நிஜமாக 122 கிலோமீட்டருக்கு மேல் ஓடினாலும் அது 100 என்றே காட்டும்.

ஒரு பயணத்தில் மீட்டர் 300 கிலோமீட்டர் காட்டுகிறது, 60 லிட்டர் டீசல் செலவு என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 5 கிலோமீட்டர் என்று தலையில் கைவைத்துக்கொள்வார் உரிமையாளர். நிஜத்தில் ஓடிய தூரம் 368 கிலோமீட்டர். ஆக, லிட்டருக்கு 6.1. பர்ஸுக்கு வித்தியாசம் இல்லைதான். ஆனால், ஸ்ப்ரெங்கிசாந்தூரைக் கடக்க எத்தனை லிட்டர் வேண்டும் என்று கணக்குப் போடுகிறவருக்கு இது பெரிய வித்தியாசம்.

இதன் இன்னொரு முகம் ஆபத்தானது. முள் 73-ல் நிற்கும்போது வண்டி நிஜத்தில் 90-ல் பறந்துகொண்டிருக்கும். தார்ச்சாலையில் ஐஸ்லாந்தின் உச்ச வேகம் மணிக்கு 90, சரளைக்கல் சாலையில் 80. அதனால்தான் அங்கே மாற்றியமைத்த வண்டிகளுக்கு ஸ்பீடோமீட்டரையும் சரிசெய்து, தனியாகப் பரிசோதனை முடித்த பிறகே சாலையில் அனுமதிக்கிறார்கள். நம் ஊரில் இந்தக் கேள்வியே எழாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. யூடியூபில் பார்த்துவிட்டு மெக்கானிக்கிடம் கிளம்புகிறவர்கள் கவனிக்க!

கிரவுன்-பினியன் மாற்றினால் மைலேஜ் திரும்புமா?

பெரிய டயர் மாட்டுவது, கியர் சைக்கிளில் எப்போதும் ஒரு கியர் அதிகம் போட்டு மிதிப்பது போல. ஒவ்வொரு சுற்றுக்கும் தூரம் கூடுகிறது, அதற்கேற்ப மிதிக்கும் காலுக்கு வலியும் கூடுகிறது. டாப் கியரில் ஏற்றம் ஏறும்போது இன்ஜின் திணறும். டிரைவர் கியரைக் குறைப்பார். ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால், இந்தக் கியரா அந்தக் கியரா என்று அதுவே தடுமாறிக்கொண்டிருக்கும். டாப் கியர் பெயருக்கு மட்டும் இருக்கும்.

இதற்கு வைத்தியம், ஆக்ஸிலில் உள்ள கிரவுன்-பினியனை மாற்றுவது. தொழிற்சாலையில் 4.10 என்ற விகிதத்தோடு வந்த வண்டியை எடுத்துக்கொள்வோம். அதாவது, புரொப்பெல்லர் ஷாஃப்ட் 4.10 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். டயர் 31-லிருந்து 38 ஆகும்போது, பழைய இழுவையை மீட்க அந்த விகிதம் ஏறக்குறைய 5.03 ஆக வேண்டும். கடையில் அப்படிச் சரியாகக் கிடைக்காது. டொயோட்டா வண்டிகளுக்குக் கிடைப்பவற்றில் 4.88 உண்டு, 5.29 உண்டு. நெடுஞ்சாலையில் அதிகம் ஓடுகிறவருக்கு 4.88 நல்லது. பனியிலும் ஏற்றத்திலும் பிழைப்பு நடத்துகிறவருக்கு 5.29. முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் இரண்டிலும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கர இழுவையைப் போட்டால், முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி ஏதாவது ஒன்று உடையும்.

பழைய வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்தே வரும். அவற்றில் கிரவுன்-பினியனை மாற்றியதும் மீட்டரும் தானாகவே ஏறக்குறைய சரியாகிவிடும். புது வண்டிகள் சில, சக்கரத்தில் உள்ள சென்சாரிலிருந்து கணக்கு எடுக்கும். அவற்றை எலெக்ட்ரானிக் முறையில்தான் சரிசெய்ய வேண்டும்.

ஆனால், “கியர் மாற்றினால் பழைய மைலேஜ் வந்துவிடும்” என்று நம்புகிறவர்கள் பாதிதான் சரி. இன்ஜின் தனக்குப் பிடித்த வேகத்தில் சுற்றும், திணறலால் வீணான டீசல் மிஞ்சும். அதோடு சரி. அகலமான, கரடுமுரடான ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரியும்போது சூடாகி விரயமாகும் சக்தியை எந்தப் பல்சக்கரமும் திருப்பித் தராது. கனமான சக்கரத்தை ஒவ்வொரு முறையும் சுழலவைக்கும் செலவும் அப்படியே இருக்கும். போதாததற்கு வண்டி உயர்ந்துவிட்டதால் காற்றும் அதிகம் தடுக்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 80-லிருந்து 90-க்குப் போனாலே அது நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். எதிர்க்காற்று சர்வசாதாரணமாக வீசும் ஐஸ்லாந்தில், டீசல் மிச்சம் பிடிக்க மிக மலிவான வழி கால் பெடலை லேசாக விடுவதுதான். கைக்காசு செலவில்லாத மாடிஃபிகேஷன்!

சமதளத்தில், காற்று இல்லாத நாளில், கியர் மாற்றாத டீசல் வண்டியே கொஞ்சம் சிக்கனமாக ஓடுவதும் உண்டு. இன்ஜின் மெதுவாகச் சுற்றுவதால் உள் உராய்வு குறையும். ஏற்றம் வந்தால் அந்த லாபம் போய்விடும். மாறாக, விகிதத்தைத் தேவைக்கு மேல் ஏற்றிவிட்டால் சமதளத்திலும் இன்ஜின் கத்திக்கொண்டே ஓடும்.

பனியில் கிலோமீட்டர் எதற்கு?

பனிமலையில் ஏறியதும் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. தார்ச்சாலையில் டீசலைக் குடிக்கும் அதே சப்பை டயர், பனியில் மிச்சப்படுத்துகிறது. டயர் புதைந்தால் வண்டி ஒவ்வோர் அடிக்கும் முன்னாலிருக்கும் பனியைத் தள்ளி, தானே தோண்டிய பள்ளத்திலிருந்து ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். மிதந்துபோகிற வண்டிக்கு அந்த வேலை இல்லை.

அப்படியும் வேகம் நடைவேகத்துக்கு இறங்கிவிடும். கியர்பாக்ஸோடு கூடுதலாக ஒரு ‘லோ-கியர்’ பெட்டியைச் சேர்த்து, இன்ஜின் நிதானமாகச் சுற்ற, சக்கரம் ஆமைபோல உருளும்படி செய்கிறார்கள். மணிக்கு 5 கிலோமீட்டர் நகரும் வண்டி, அந்த ஒரு மணி நேரத்தில் 6 லிட்டர் குடித்தால் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர்கூடத் தேறாது. இங்கே தூரத்தை வைத்து டீசல் கணக்கு போடுகிறவர் நடுவழியில் நிற்பார். எத்தனை மணி நேரம் என்பதுதான் கேள்வி.

கூடுதல் டேங்க் வைத்தால்? வைக்கிறார்கள். ஆனால், 100 லிட்டர் டீசல் என்பது ஏறக்குறைய 84 கிலோ எடை. எடை கூடினால் புதைவதும் கூடும், புதைந்தால் டீசலும் கூடும். எவ்வளவு ஏற்றினால் போதும் என்பதில்தான் அனுபவம் பேசுகிறது.

திரும்பி வரும்போது காற்றை மறுபடி நிரப்பியாக வேண்டும். 4 பி.எஸ்.ஐ.யோடு தார்ச்சாலையில் வேகம் எடுத்தால் டயர் சூடேறிக் கிழிந்துவிடும். அதனால் வண்டியிலேயே கம்ப்ரஸர் இருக்கும். பனி முடிந்து சாலை தொடங்கும் இடங்களில் வண்டிகள் வரிசையாக நின்று காற்று பிடிக்கும்.

இன்னொன்று, இவ்வளவு வண்டி வைத்திருந்தும் இஷ்டத்துக்குச் சாலையை விட்டு இறங்க முடியாது. வெற்று மண்ணிலும் பாசியிலும் ஓட்டுவது ஐஸ்லாந்தில் குற்றம். நசுங்கிய பாசி மறுபடி வளரப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். உறைந்த தரையைப் பனி மூடியிருந்தாலோ, பனியாற்றின் மேலேயோதான் அனுமதி.

இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் எல்லோரும் பொழுதுபோக்குக்காக ஓட்டுகிறவர்கள் இல்லை. 1950-ல் தொடங்கிய ஐஸ்லாந்து பனியாற்று ஆய்வுச் சங்கத்தினர், ஆண்டுதோறும் வசந்தத்தில் வாட்னாயோகுலின் மேலே 1,700 மீட்டர் உயரத்திலுள்ள தங்கள் குடிலுக்கு ஏறிப்போய்ப் பனியை அளக்கிறார்கள். சுற்றுலா ஓட்டுநர்களுக்கு இதுவே பிழைப்பு. ஒரு லிட்டர் கூடக் குடித்தாலும் அது அவர்கள் லாபத்திலிருந்துதான் போகும்.

எல்லோரையும்விட இந்தக் கணக்கைத் தப்பில்லாமல் போட வேண்டியவர்கள் ‘லேண்ட்ஸ்பியோர்க்’ அமைப்பின் மீட்புக் குழுவினர். சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பனிப்புயலில் ஒரு குடும்பம் சிக்கிக்கொண்டது என்று அழைப்பு வந்தால், வேலையைப் போட்டுவிட்டு ராத்திரியிலும் கிளம்புகிறார்கள். தாங்கள் போய்ச் சேரவும், சிக்கியவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பவும், வழியில் வண்டியை நிறுத்திக் காத்திருக்க நேர்ந்தால் ஹீட்டர் ஓடவும் டீசல் வேண்டும். புறப்படுமுன் டேங்கை நிரப்பும்போதே இவ்வளவையும் கூட்டிப் பார்த்தாக வேண்டும்.

அந்த டீசலுக்கும் டயருக்கும் பணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பட்டாசு விற்பனையிலிருந்து. டிசம்பர் கடைசியில் மீட்புக் குழுக்களே பட்டாசுக் கடை போடுகின்றன. புத்தாண்டு இரவில் ஊரே அவர்களிடம் வாங்கி வெடிக்கிறது. அவர்களின் முக்கிய வருமானங்களில் அது ஒன்று.