ஆட்காட்டி சொன்னால் எவ்வளவு நம்பலாம்?

யாழ்ப்பாணம்



மண்டைதீவுக் கடல்நீரேரியில் ஆட்காட்டி கத்தினால் அயலில் மேயும் பவளக்காலிகள் தலை நிமிர்த்துகின்றன. வளவுக்குள் பூனையைக் கண்டு புலுனிக் கூட்டம் இரைந்தால் அணிலும் மரமேறிவிடுகிறது. பறவைகள் ஒன்றுக்கொன்று உதவுகின்றன என்று இதைப் புகழ்வது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. கத்துகிற பறவை தன் குஞ்சுக்கும் கூட்டத்துக்குமாகக் கத்துகிறது. மற்றவை ஒட்டுக்கேட்கின்றன, கேட்டதை எடைபோடவும் செய்கின்றன. எடைபோட வேண்டிய தேவைக்கு இலங்கையிலேயே சான்று உண்டு. சிங்கராஜக் காட்டில் பல இனம் கலந்து திரியும் பறவைக் கூட்டங்களை ஆராய்ந்து ஈபன் குடேலும் சரத் கொட்டகமவும் 2005இல் எழுதினார்கள். அங்கே ஓயாமல் எச்சரிப்பது செம்மஞ்சள் அலகுப் புலுனி. அதன் எச்சரிக்கையில் பொய்யும் அதிகம். நம்பத்தக்கது கரிச்சானின் குரல். இதில் வியப்பில்லை: புலுனி இலையையும் கொப்பையும் கிளறித் தின்னும், கரிச்சானோ நிமிர்ந்திருந்து பறக்கும் பூச்சியைப் பிடிக்கும். பார்ப்பதே அதன் பிழைப்பு.

பிற இனங்களின் எச்சரிக்கையைப் பறவைகள் பழகியும் அறிகின்றன. பருந்தைக் கண்டு எழுப்பும் மெல்லிய கீச்சொலி பல இனங்களில் ஏறக்குறைய ஒன்றுதானே, இதில் பழகுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஓரளவு உண்மை. ஆனால் கன்பராவில் ஃபெயரி ரென் குருவிகளுக்கு, அவை அறியாத ஓர் ஒலியைத் தெரிந்த எச்சரிக்கைக் குரல்களோடு கலந்து சில நாள் கேட்கவிட்டார்கள். வேட்டைப் பறவை எதையும் காணாமலே அவை அந்தப் புது ஒலிக்கும் பாய்ந்து ஒளியப் பழகிக்கொண்டன. 2018இல் வந்த ஆய்வு இது. தொலை வடக்கில் பிறந்து முதல் மாரிக்கு இங்கே வரும் பவளக்காலிக்கும் ஆட்காட்டியின் பாஷை இப்படித்தான் பிடிபடுகிறது என்று நினைக்கிறேன்.

எடைபோடத் தெரிந்தவை ஏமாறுவது ஏன்? ஆபிரிக்கக் களஹாரியில் வாழும் வேறொரு கரிச்சான் பிற இனங்களின் எச்சரிக்கைக் குரலில் பொய்க்கூச்சல் போட்டு, அவை விட்டோடும் இரையைப் பறிக்கிறது. பொய்யை நம்பினால் ஒரு புழு போகும், மெய்யை நம்பாவிட்டால் உயிர் போகும். அதனால் கொஞ்சம் ஏமாறுவதே லாபம். அதற்கும் எல்லை உண்டு. ஒரே குரல் திரும்பத் திரும்ப வந்தால் எடுபடாது, கரிச்சான் குரலை மாற்றியாக வேண்டும் என்று டாம் ஃபிளவரின் ஆய்வுக் குழு 2014இல் காட்டியது. கேட்கிறவை கணக்கு வைக்காவிட்டால் அந்தக் கள்ளனுக்கு ஏன் இவ்வளவு பாடு?

ஆட்காட்டி மனிதனுக்கும் கத்தும், நாய்க்கும் கத்தும், வழிதவறிய மாட்டுக்கும் கத்தும். பவளக்காலி நிமிர்ந்து ஒருமுறை பார்க்கிறது. வானத்தில் ஒன்றுமில்லையென்றால் மறுபடி சேற்றுக்குள் அலகை விடுகிறது.